முறைப்படி ஒரு தவறு

மருந்துக்கடைக்காரர் இருபத்திரண்டு வருடங்களில் ஒரு மாத்திரையைக்கூட மாற்றிக் கொடுத்தவர் அல்ல. டாக்டர்களின் கோழிக்கிறுக்கலை அவரைப்போல் படிக்க அந்த டாக்டர்களாலேயே முடியாது. சீட்டை ஒரு முறை, அட்டையை ஒரு முறை, கொடுப்பதற்கு முன் மறுபடியும் ஒரு முறை என்று பார்த்த பிறகுதான் மருந்து அவர் கையை விட்டுப் போகும். அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தன் சொந்தக் காருக்கு அடியில் படுத்துக்கொண்டு தப்பான போல்ட்டைத் திறந்தார் என்றால், அதற்குக் காரணம் அவருடைய மைத்துனர்.

மைத்துனர், அதாவது மனைவியின் அண்ணன், சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக். முந்தின வாரம் சாப்பாட்டு மேஜையில் காருக்கு ஆயில் மாற்றுவது பற்றிப் பேச்சு வந்தது.

"ரெண்டு வாரம் ஆகும் மாப்பிள்ளை. பட்டறையில நிக்க இடமில்ல" என்றார் மைத்துனர்.

"ஆயில்தானே மச்சான். நானே மாத்திக்கறேன். எல்லாத்துக்கும் வீடியோ இருக்கு."

மைத்துனர் வாயில் இருந்ததை நிதானமாக மென்று விழுங்கினார். "வேணாம் மாப்பிள்ளை. உங்களுக்கு மாத்திரை எண்ணத்தான் வரும்."

இதைக்கூட மருந்துக்கடைக்காரர் பொறுத்துக்கொண்டிருப்பார். ஆனால் மனைவி சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு அவருக்குள் ஒரு வாரம் கிடந்து புளித்தது.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு அவர் ஜாக்கி வைத்து முன்சக்கரங்களைத் தூக்கினார். பழைய செய்தித்தாளை விரித்தார். ஸ்பேனர்களை அளவு வாரியாக அடுக்கினார். புது ஆயில் டப்பாவின் மேல் எழுதியிருந்ததை மூன்று முறை படித்தார். பிறகு காருக்கு அடியில் நுழைந்து, இடக்கைப் பக்கம் தெரிந்த போல்ட்டைக் கழற்றினார். எண்ணெய் கடகடவென்று தட்டில் இறங்கியது. நல்ல சிவப்பு. மாதுளைச் சாறு மாதிரி சுத்தமாக இருந்தது. 'ஒவ்வொரு தடவையும் ஆயில் கருகிப்போச்சு, கருகிப்போச்சுன்னு சொல்லித்தானே மாத்தறாங்க' என்று மெக்கானிக் குலத்தையே அவர் மனதுக்குள் ஒரு பிடி பிடித்தார். போல்ட்டை மறுபடி முடுக்கி, எழுந்து வந்து, ஜாக்கியை இறக்கி, இன்ஜினின் மூடியைத் திறந்து நாலு லிட்டர் புது ஆயிலை ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றினார்.

நடந்தது இதுதான். அவர் வடித்தது கியர் பெட்டியின் எண்ணெயை. இன்ஜினுக்குள் ஏற்கெனவே இருந்த நாலு லிட்டர் கருப்பு ஆயில் அப்படியே இருந்தது. அதன் தலைமேல் இன்னொரு நாலு லிட்டர். கியர் பெட்டி பட்டினி, இன்ஜினுக்கு வயிறு முட்ட விருந்து.

சாவியைத் திருப்பியதும் கார் ஒரு கனைப்புக் கனைத்தது. பின்னாலிருந்து நீலப் புகை கிளம்பி, மாடி வீட்டு அம்மாள் காயப்போட்டிருந்த வெள்ளை விரிப்புகளைத் தழுவிக்கொண்டு மேலே போயிற்று. அவர் ரிவர்ஸில் போட்டார். இன்ஜின் அலறியதே தவிர சக்கரம் அசையவில்லை. கை பிரேக்கை எடுத்துப் பார்ப்போமே என்று எடுத்தார். வாசல் சரிவு. கார் தானாகப் பின்னால் உருண்டு, கேட்டைத் தாண்டி, அவர் பதறிப்போய் ஸ்டியரிங்கை ஒடித்து பிரேக்கை மிதித்த இடத்தில், தெருவுக்குக் குறுக்கே சுவர் வைத்த மாதிரி நின்றது.

மனைவி வாசலுக்கு வந்தாள். அவள் நீச்சல் பயிற்சி ஆசிரியை. தினமும் காலை பத்து மிதவைப் பலகைகளைக் காரின் பின்னால் போட்டுக்கொண்டு நீச்சல் குளத்துக்குப் போகிறவள். தெருவைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள், கணவரின் முகத்தைப் பார்த்தாள்.

"அண்ணனைக் கூப்பிடட்டுமா?"

"வேணாம். தள்ளி உள்ள விட்டுடலாம்."

நாலு பேரைச் சேர்த்துத் தள்ளியிருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். ஆனால் அதற்குள் தெருமுனையிலிருந்து ஒருவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்துவிட்டார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் கோந்துப் புட்டி. மரியாதையாக வணக்கம் சொன்னார். கார்க்கண்ணாடியில் ஒரு மஞ்சள் காகிதத்தை ஒட்டி, நாலு மூலையையும் கட்டை விரலால் அழுத்தித் தேய்த்தார்.

"நான் கள ஆய்வாளர் சார். இனிமே இந்த வண்டியை யாரும் தொடக் கூடாது."

"ஏன்?"

"சொந்தமா ரிப்பேர் பண்ணிருக்கீங்க. தப்பு நடந்திருக்கு. தப்பைப் பதிவு பண்ணி சான்று வாங்கற வரைக்கும் அதை யாரும் கலைக்கக் கூடாது. கலைச்சா ரெண்டாவது தப்பு ஆயிடும்."

இப்படி ஓர் ஆணையம் இருப்பது மருந்துக்கடைக்காரருக்கு அன்றுவரை தெரியாது. 'தன் வாகனத்தைத் தானே பழுது பார்ப்போர் தவறு ஒழுங்குமுறை ஆணையம்' என்பது அதன் முழுப்பெயர். மூச்சு வாங்காமல் சொல்ல முடியாததால் ஜனங்கள் 'தப்பு ஆபீஸ்' என்றார்கள்.

மறுநாள் கடையை உதவியாளரிடம் விட்டுவிட்டு அவர் தப்பு ஆபீஸுக்குப் போனார். ஐந்து மாடிக் கட்டடம். வாசலில் வரிசையாக ஏழு வெள்ளைக் கார்கள், கண்ணாடியில் முகம் பார்க்கலாம் போல் துடைத்து நிறுத்தியிருந்தன. உள்ளே நீண்ட பெஞ்சுகள். அவருக்கு இடது பக்கம் ஒரு பல் டாக்டர் உட்கார்ந்திருந்தார். அவருடைய வலது உள்ளங்கையில் ஒரு காரின் பக்கவாட்டுக் கண்ணாடி ஒட்டியிருந்தது.

"உடைஞ்ச கண்ணாடியை ஒட்டலாம்னு பசை போட்டேன்" என்று அவரே சொன்னார். "வண்டியில ஒட்டல."

"எவ்வளவு நாளாச்சு?"

"எட்டு நாள். எடுத்துட்டா தப்பைக் கலைச்ச மாதிரி ஆயிடுமாம்."

"தொழில் என்ன ஆச்சு?"

"பரவாயில்ல. பல்லுப் பாக்கறதுக்குக் கண்ணாடி வேண்டியதுதானே."

அவருக்கு அந்தப்பக்கம் ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர். முன்விளக்கு எரியவில்லை என்று பம்பரைக் கழற்றி, கிரில்லைக் கழற்றி, காரின் மூஞ்சி முழுவதையும் புல்தரையில் பரப்பிய பிறகு, விளக்குக்கு சுவிட்சே போடவில்லை என்று கண்டுபிடித்தவர். இதை அவர் தீர்ப்பு வாசிப்பது போல் ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னார். மருந்துக்கடைக்காரருக்கு மனம் கொஞ்சம் லேசாயிற்று. தன்னைப்போல் இன்னும் நாலு பேர் இருக்கிறார்கள் என்பதைவிட நல்ல மருந்து அவர் கடையிலேயே கிடையாது.

மதியம் மூன்று மணிக்கு அவர் முறை வந்தது. ஜன்னலுக்குப் பின்னால் எழுத்தர் அம்மா, முன்னால் நிரப்ப வேண்டிய ஒரு பாரம்.

"என்ன தப்பு?"

சொன்னார். அந்தம்மா ஒரு பட்டியலை எடுத்து விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். "நட்டைத் தொலைத்தல், சாவியை உள்ள வெச்சுப் பூட்டல், பாட்டரியைத் தலைகீழா மாட்டல், கையில ஒட்டிக்கொள்ளல்… நாப்பத்தொண்ணு இருக்கு சார். நீங்க சொல்றது இதுல இல்லையே."

"ஆனா நான் பண்ணிட்டேனே."

"பட்டியல்ல இல்லாததை எப்படி சார் பண்ண முடியும்?" அந்தம்மா குரலைத் தாழ்த்தினார். கெட்டவர் இல்லை. "ஒண்ணு பண்ணுங்க. வீட்டுக்குப் போய் சாவியை உள்ள வெச்சுப் பூட்டிட்டு வாங்க. அது ஏழாம் நம்பர். நாளைக்கே முடிச்சுத் தர்றேன்."

"பண்ணாத தப்புக்கு எப்படிம்மா கையெழுத்துப் போடறது?"

அவர் அப்படிப்பட்ட ஆள். இருபத்திரண்டு வருடம் சீட்டில் உள்ளதை மட்டுமே கொடுத்துப் பழகிய கை. அந்தம்மா பெருமூச்சு விட்டு 'புதிய தவறு' என்று எழுதிக்கொண்டார்.

"சரி. காரணம் என்ன? மூணுதான் இருக்கு. மறதி, அறியாமை, ஆணவம்."

மருந்துக்கடைக்காரர் யோசித்தார். மறதி இல்லை. அறியாமை என்று சொல்லிவிடலாம், எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் சாப்பாட்டு மேஜையும், மென்று விழுங்கிய மைத்துனரும், மனைவியின் சிரிப்பும் கண் முன்னால் வந்து நின்றன.

"ஆணவம்" என்றார்.

அந்தம்மாவின் பேனா நின்றது. பக்கத்து ஜன்னல்காரர் எட்டிப் பார்த்தார். "பதினோரு வருஷ சர்வீஸ்ல நீங்கதான் சார் முதல் ஆள்" என்று சொல்லிவிட்டு அந்தம்மா அதற்கான முத்திரையைத் தேடத் தொடங்கினார். மேல் இழுப்பறையில் இல்லை, கீழ் இழுப்பறையில் இல்லை. கடைசியில் அது ஆடிக்கொண்டிருந்த ஒரு நாற்காலிக் காலுக்கு முட்டாகக் கிடந்தது. துடைத்து, ஊதி, ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். "புதுத் தப்புன்னா ஆணையரையே பாக்கணும்."

ஆணையரைப் பார்க்க ஏழு நாள் ஆயிற்று. அதற்குள் தெருவில் ஒரு புது வாழ்க்கை தொடங்கிவிட்டது. காருக்கு முன்னும் பின்னும் கள ஆய்வாளர் சிவப்புக் கூம்புகளை வைத்தார். நடுவில் ஒரு பலகை: 'இங்கு ஒரு தவறு நிலுவையில் உள்ளது.' குப்பை வண்டி தெருமுனையோடு திரும்பிவிட்டது. சைக்கிள்காரர்கள் சுவரை ஒட்டி உடம்பைச் சுருக்கிக்கொண்டு போனார்கள். சிலர் கேட்டைத் திறந்து, வாசலில் செருப்பு அணிந்துகொண்டிருக்கும் மருந்துக்கடைக்காரரிடம் "கொஞ்சம் வழி விடுங்க" என்று சொல்லி, அவர் வீட்டு முற்றத்தைச் சுற்றி அடுத்த கேட் வழியாக வெளியேறினார்கள். மாடி வீட்டு அம்மாள் சாம்பல் நிறமாகிவிட்ட விரிப்புகளை எடுக்காமல் கொடியிலேயே விட்டிருந்தாள். மனைவி பத்து மிதவைப் பலகைகளையும் கயிற்றில் கட்டி முதுகில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போனாள். சண்டை போடவில்லை. போகும்போது ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுப் போவாள். சண்டையே போட்டிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றும்.

ஆணையரின் அறை பெரியது. மேஜை அதைவிடப் பெரியதோ என்று சந்தேகம் வரும். ஆணையர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, வந்தவரை அன்பாகப் பார்த்தார்.

"புதுத் தப்பு. ரொம்ப சந்தோஷம். நாப்பத்தொண்ணுலயே எத்தனை காலம் நிக்கறது. உக்காருங்க. இந்த ஆணையம் வர்றதுக்கு முன்னாடி நிலைமை எப்படி இருந்துச்சு தெரியுமா? ஜனங்க காலைல தப்புப் பண்ணுவாங்க, சாயங்காலத்துக்குள்ள தாங்களே சரி பண்ணிடுவாங்க. ஒரு பதிவு கிடையாது. ஒரு முத்திரை கிடையாது. எத்தனை லட்சம் தப்பு வீணாப் போயிருக்கும், யோசிச்சுப் பாருங்க. இப்ப ஒரு தப்பு சராசரியா பதினாலு மாசம் உயிரோட இருக்கு. அடுத்த வருஷம் அதைப் பதினெட்டாக்கணும்னு இலக்கு வெச்சிருக்கோம்."

"ஐயா, எனக்கு வண்டி வேணும். என் சம்சாரம் பஸ்ல போறா."

"கிடைக்கும். ஆனா நீங்க சொல்றதை நாங்க எப்படி நம்பறது? நேர்ல பாத்தாதானே பட்டியல்ல சேர்க்க முடியும். அதனால, எங்க முன்னாடி அந்தத் தப்பை இன்னொரு தடவை பண்ணிக் காட்டணும்."

மருந்துக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "எண்ணெயை ஏற்கெனவே வடிச்சாச்சே ஐயா. இல்லாத எண்ணெயை எப்படி வடிக்கறது?"

"ஊத்திக்கோங்க."

"ஊத்தினா வண்டி சரியாயிடுமே."

"சரியாகாம எப்படித் தப்புப் பண்ணுவீங்க?" ஆணையருக்கு லேசாக எரிச்சல் வந்தது. "தப்புக்கு முந்தின நிலைக்கு வண்டியைக் கொண்டுவர்றதுக்கு ஒரு நாள் அனுமதி தர்றேன். மெக்கானிக்கை வெச்சு சரி பண்ணுங்க. மறுநாள் பத்து மணிக்கு நாங்க வர்றோம். அதை மறுபடி கெடுத்துக் காட்டுங்க. அப்புறம் சான்று. சான்று வந்ததும் மறுபடி சரி பண்ணிக்கலாம். இதுல என்ன குழப்பம் இருக்கு?"

குழப்பம் ஒன்றும் இல்லைதான். மெக்கானிக் வேண்டும், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து போனைக் கையில் வைத்துக்கொண்டு மருந்துக்கடைக்காரர் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். மனைவியைப் பார்த்தார்.

"நீங்களே கூப்பிடுங்க" என்றாள் அவள்.

கூப்பிட்டார். மைத்துனர் அன்று மதியமே வந்தார். கூம்புகளைப் பார்த்தார், பலகையைப் படித்தார், தட்டில் அப்படியே இருந்த சிவப்பு எண்ணெயில் விரலைத் தொட்டு முகர்ந்தார். மருந்துக்கடைக்காரர் கைகளைக் கட்டிக்கொண்டு, வரப்போகும் வார்த்தைக்குத் தயாராக நின்றார். எதுவும் வரவில்லை. மைத்துனர் சட்டையைக் கழற்றிக் கேட்டில் மாட்டினார்.

"சொல்லிடுங்க மச்சான். மனசுல வெச்சுக்காதீங்க."

"என்னத்தச் சொல்ல." மைத்துனர் தங்கை உள்ளே இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "பட்டறை வெச்ச புதுசுல நானும் இதையே பண்ணிருக்கேன் மாப்பிள்ளை. சொந்த வண்டி இல்ல, ஒரு கல்யாண மாப்பிள்ளையோட வண்டி. முகூர்த்தத்துக்கு முந்தின நாள். அவன் நடந்துதான் போனான். என் பொண்டாட்டிக்குக்கூட இது தெரியாது."

மருந்துக்கடைக்காரர் அவர் பக்கத்தில் வந்து குந்தினார். ஸ்பேனரை எடுத்து நீட்டினார். வேலை நாற்பது நிமிடத்தில் முடிந்தது. கூடுதலாக இருந்த ஆயிலை மைத்துனர் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தார், கியர் பெட்டிக்குப் புது எண்ணெய் ஊற்றினார், சாவியைத் திருப்பினார். கார் சத்தமில்லாமல் பின்னால் நகர்ந்து, முன்னால் நகர்ந்து, ஒழுங்குப் பிள்ளையாக வாசல் சரிவில் ஏறி நின்றது. எட்டு நாள் கழித்துத் தெரு திறந்தது.

"இப்படியே விட்டுட்டா என்னங்க?" என்றாள் மனைவி.

"நாளைக்குக் கெடுத்தாகணும். எழுதிக் குடுத்திருக்கேன்."

மறுநாள் பத்து மணிக்கு ஆணையரும், எழுத்தர் அம்மாவும், கள ஆய்வாளரும், ஒரு புகைப்படக்காரரும் இரண்டு வெள்ளைக் கார்களில் வந்து இறங்கினார்கள். ஆணையருக்கு நாற்காலி போடப்பட்டது. சம்பவம் அன்று போலவே இருக்க வேண்டும் என்பதால் மாடி வீட்டு அம்மாள் மறுபடி வெள்ளை விரிப்புகளைக் காயப்போடும்படி கேட்டுக்கொள்ளப்பட்டாள். அவள் வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டு, புதுசாகத் துவைத்தவற்றைக் கொண்டுவந்து விரித்தாள். தெருவே கேட்டருகில் கூடிவிட்டது. நீதிபதிகூட வந்திருந்தார்.

மருந்துக்கடைக்காரர் காருக்கு அடியில் நுழையப் போனார்.

"இந்தப் பக்கம் தலை வெச்சாப் படம் இருட்டா வரும் சார்" என்றார் புகைப்படக்காரர். "அந்தப் பக்கமாப் போய் இப்படித் திரும்பிப் படுங்க. முகத்துல வெளிச்சம் படணும்."

அவர் சுற்றிப்போய்த் திரும்பிப் படுத்தார். போன தடவை இடக்கைப் பக்கம்தான் என்று நன்றாக நினைவிருந்தது. கெடுப்பதையாவது சரியாகக் கெடுப்போம் என்று, மனசாட்சிக்கு விரோதமில்லாமல், இடக்கைப் பக்கத்து போல்ட்டைக் கழற்றினார். தலை திரும்பினால் இடக்கையும் சேர்ந்து திரும்பும் என்பது அந்த வெளிச்சத்தில் அவருக்கு உறைக்கவில்லை. எண்ணெய் இறங்கியது. கறுகறுவென்று இறங்கியது. அவர் அதை ஒரு கணம் பார்த்தார். அடுத்த கணம் அவருக்குப் புரிந்துவிட்டது.

தப்புச் செய்ய வந்த இடத்தில் அவர் தப்பில்லாமல் ஆயில் மாற்றிக்கொண்டிருந்தார்.

வெளியே கைதட்டல் கேட்டது. ஆணையர் எழுந்து குனிந்து பார்த்தார். "அடேயப்பா, என்ன கருப்பு. பாத்தாலே தெரியுது இது பெரிய தப்புன்னு. குறிச்சுக்கோங்க."

மருந்துக்கடைக்காரர் ஊர்ந்து வெளியே வந்தார். மூக்கில் ஒரு கருப்புத் தீற்றல். "ஐயா, மன்னிக்கணும். போல்ட்டு மாறிடுச்சு. இது சரியான போல்ட்டு. இதைத்தான் திறக்கணும்."

எழுத்தர் அம்மா பாரத்தைப் புரட்டினார். "சரியாச் செஞ்சதுக்கு இதுல இடம் இல்ல சார்."

"தப்பு நடக்கலைன்னு போட்டா?" என்று கள ஆய்வாளர் மெதுவாகக் கேட்டார்.

"அப்படின்னா பொய்த் தவறு உரிமை கோரல்" என்றார் ஆணையர். குரலில் இருந்த அன்பு போய்விட்டது. "வண்டி விசாரணை முடியற வரைக்கும் எங்க காவல்ல இருக்கும். சராசரி மூணு வருஷம். இல்லாத தப்பைச் சொல்லி ஒரு ஆணையத்தையே ஏமாத்திருக்கீங்க. தப்புப் பண்றவங்களை நாங்க மன்னிப்போம். சரியாப் பண்றவங்களை என்ன பண்றதுன்னு எங்களுக்கே தெரியாது."

மனைவி வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை. மருந்துக்கடைக்காரர் எண்ணெய்க் கையோடு நின்றார். உண்மையைச் சொன்னால் கார் போய்விடும். பொய் சொல்ல வாய் வராது.

அப்போது மைத்துனர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். தட்டின் அருகே மண்டியிட்டார். கருப்பு ஆயிலை விரலில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். துக்க வீட்டுக்கு வந்தவர் போலத் தலையை ஆட்டினார்.

"ஐயா, பத்தொம்பது வருஷமா பட்டறை நடத்தறேன். இவர் என் தங்கச்சி புருஷன், அதனால சொல்லக் கூடாதுதான். ஆனா இதைவிடப் பெரிய தப்பை நான் பாத்ததில்ல. இது தப்புன்னுகூட இவருக்குத் தெரியல பாருங்க. அதான் ஆணவம்."

ஆணையரின் முகம் மலர்ந்தது. "நிபுணர் சாட்சி" என்றார். எழுத்தர் அம்மா எழுதிக்கொண்டார்.

"மச்சான்," என்றார் மருந்துக்கடைக்காரர்.

"வாயை மூடுங்க மாப்பிள்ளை," என்றார் மைத்துனர், உதடு அசையாமல்.

மிச்சச் சடங்கும் நடந்தது. விதிப்படி அவர் போல்ட்டை முடுக்கி, நாலு லிட்டர் புது ஆயிலை இன்ஜினுக்குள் ஊற்றி, சாவியைத் திருப்பினார். கார் பூனைபோல் உறுமியது. எல்லாரும் கொடியைப் பார்த்தார்கள். விரிப்புகள் வெள்ளை வெளேரென்று காற்றில் ஆடின.

"அன்னிக்குப் புகை வந்துச்சு" என்றார் கள ஆய்வாளர் தயக்கத்தோடு.

ஆணையர் பாரத்தை வாங்கிப் பார்த்தார். "புகைக்குக் கட்டம் இல்லையே" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

பாரத்தில் மருந்துக்கடைக்காரர் போட வேண்டிய கையெழுத்தும் ஒன்று இருந்தது. அவர் அதை மூன்று முறை படித்தார். 'மேற்படி நபர் மேற்படி செயலைச் செய்தார்' என்றுதான் இருந்தது. செய்தார்தான். அதை மறுக்க முடியாது. பேனாவை வாங்கிப் போட்டார். ஆனாலும் அன்று ராத்திரிச் சாப்பாடு அவருக்கு இறங்கவில்லை. மைத்துனர்தான் இரண்டு பங்கு சாப்பிட்டார். தங்கை பரிமாறினாள். "மாத்திரை எண்ணறவர்தான், ஆனா கை சுத்தம்" என்று அவர் சொன்னபோது அவள் சிரித்தாள். இந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருந்தது.

நாற்பத்திரண்டாம் தவறு பட்டியலில் ஏறியது: 'காரின் அடியிலுள்ள போல்ட்டைத் திறந்து கருப்பு எண்ணெயை வெளியேற்றுதல்.' கூடவே ஒரு சுற்றறிக்கையும் வந்தது. இனி ஆயில் மாற்றும்போது கருப்பு எண்ணெய் வரும் போல்ட்டை யாரும் தொடக் கூடாது, சிவப்பு எண்ணெய் வரும் போல்ட்டையே திறக்க வேண்டும். ஊரில் யாரும் அதைச் சட்டை செய்யவில்லை. ஆனால் ஒரு அலுவலகம் தன் சுற்றறிக்கைக்குத் தானே கீழ்ப்படியாமல் இருக்க முடியுமா? அடுத்த மாதம் ஆணையத்தின் ஏழு வெள்ளைக் கார்களுக்கும் ஆயில் மாற்றும் நாள் வந்தது. ஆணையரே நேரில் நின்று மேற்பார்வை பார்த்தார். ஏழு கார்களிலிருந்தும் நல்ல சிவப்பு எண்ணெய் முறைப்படி வடிக்கப்பட்டது. ஏழு இன்ஜின்களுக்கும் முறைப்படி வயிறு முட்ட ஊற்றப்பட்டது. ஐந்து மாடிக் கட்டடத்தின் ஜன்னல்கள் அன்று மாலைவரை நீலப் புகையில் தெரியவில்லை.

மைத்துனரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவர் போய்ப் பார்த்தார். "சரி பண்ணிடலாம். ஆனா என்ன தப்பு நடந்துச்சுன்னு எழுதிக் குடுத்தாதான் நான் தொட முடியும்" என்றார். தப்பு ஒன்றும் நடக்கவில்லை என்று ஆணையர் சொன்னார். சுற்றறிக்கைப்படிதான் எல்லாம் நடந்திருக்கிறது என்று காட்டினார். "அப்ப வண்டியும் நல்லாத்தான் இருக்கும்" என்று மைத்துனர் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

ஒரு வாரம் கழித்து, காலையில், மழை தூறிக்கொண்டிருந்தது. மருந்துக்கடைக்காரர் மனைவியை நீச்சல் குளத்தில் விடப் போய்க்கொண்டிருந்தார். கள ஆய்வாளர் நடந்து வந்துகொண்டிருந்தார். ஆணையருக்குக் காரில்லாமல் போனதால் அவருடைய சைக்கிளை ஆணையர் எடுத்துக்கொண்டுவிட்டாராம். மனைவி காரை நிறுத்தச் சொன்னாள். கள ஆய்வாளர் நன்றி சொல்லி, பின் இருக்கையில் மிதவைப் பலகைகளுக்கு நடுவே கால்களை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். அவருடைய சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

இன்ஜின் சத்தமே கேட்கவில்லை. மேட்டில் கார் மூச்சிரைக்காமல் ஏறியது.

"வண்டி அருமையா ஓடுது சார்" என்றார் கள ஆய்வாளர். ஆற்றாமையோடு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "என்ன பண்ணீங்க?"

"ஒரு தப்புப் பண்ணினேன்" என்றார் மருந்துக்கடைக்காரர்.

கள ஆய்வாளர் தலையசைத்தார். "முறைப்படிதானே?"

"முறைப்படிதான்."